வராதீங்க என்று சொன்ன நாட்கள்

கல்யாணமாகி நான்கு வருஷம் நான் அரவேணுவில், என் வீட்டுக்காரர் தேவர்சோலையில். எனக்கு டீ பாக்டரி ஆபீசில் கிளார்க் வேலை; அவர் அங்கே இன்னொரு பாக்டரியில் பிட்டர். மாதம் ஒரு முறை நான்கு நாள் லீவு சேர்த்துக்கொண்டு வருவார். எந்த நான்கு நாள் என்று முடிவு செய்தது நான்தான். அந்தப் புத்திசாலித்தனத்தை நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

மாதவிலக்கு முடிந்து சில நாளில் எனக்கு முட்டை வெள்ளைக்கரு போல வழவழவென்று வெள்ளைப்படும். எலும்பு உருகி வருகிறது, உடம்புச் சூடு என்று கேட்டே வளர்ந்தவள் நான். அவருக்கும் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம் வேறு. உடனே போன் போடுவேன்.

"ஏனுங்க, இந்த வாரம் வராதீங்க. ஒடம்பு சூடாயிருக்குது."

ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போடுகிற ஊரில் சூடாம்! அந்த மனுஷன் ஒரு கேள்வி கேட்டதில்லை. எல்லாம் உலர்ந்த பிறகு கூப்பிடுவேன். சூடு தணியட்டும் என்று சோற்றுக்கற்றாழையைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்து இறங்குவார். குழந்தை மட்டும் தங்கவில்லை.

குன்னூரில் பார்த்த டாக்டரம்மா என்னைவிடச் சின்னவர். எந்த நாட்களில் சேர்ந்திருப்பீர்கள் என்று கேட்டார். என் கணக்கைப் பெருமையாகவே சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அரிப்பு, வாடை ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"இல்லீங்க."

"அப்ப அது சீக்கே இல்லீங்க. கர்ப்பப்பை வாயில சுரக்கறது. மத்த நாள்ல கெட்டியா அடைச்சுக்கும், விந்தணு நீந்தி உள்ள போறதே கஷ்டம். முட்டை வெளிய வர்றதுக்கு முந்தி சில நாள்தான் தண்ணியா இளகி வழி உடும். உள்ள போனதை நாலஞ்சு நாள்கூட உசுரோட வெச்சிருக்கும்."

வழி திறந்த நாளெல்லாம் நானே அவரைத் தடுத்திருக்கிறேன். திரும்பி வரும் பஸ்ஸில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவரிடம் எந்த முகத்தோடு சொல்வது?

அடுத்த மாதம் அந்த வழவழப்பைப் பார்த்ததும் ஆபீசிலிருந்தே போன் செய்தேன்.

"ஏனுங்க, மறுக்கா அது வந்திருக்குது."

"சரி சாமி, நான் வரலை. மோரு குடி."

"இல்லீங்க. இப்பத்தான் நீங்க வரோணும்."

எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அடுத்த பஸ்ஸைப் புடிக்கறேன்" என்றார்.

அப்போதும் கையில் கற்றாழை. பழக்க தோஷம்.

அந்த மாதம் தங்கவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. ஐந்தாவது மாதம் தங்கியது.

மகள் பிறந்து மூன்றாம் நாள் பால் குடித்துக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து அவள் காதில் சொன்னார்.

"நாலு வருசமா நீ வாசல்லதான் நின்னிருக்கே கண்ணு. உங்கம்மா போன் போட்டு, வராதீங்க வராதீங்கன்னா."

சிரிக்கத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். பிறகு பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டியா சாமி" என்று கேட்டுக் கேட்டு அழுதேன்.