நெட் இல்லாமல் ஓடாத சர்வர்

சின்னமனூர் பக்கம் ஒரு சிறிய மருத்துவமனையில் கம்ப்யூட்டர் வேலைகளைக் கவனிக்கிறேன். நோயாளிகள் பதிவு, லேப், மருந்தகம் மூன்றுக்கும் இருந்த பழைய சர்வர்களை எடுத்துவிட்டு, ஒரே புதிய சர்வருக்குள் மூன்றையும் தனித்தனியாக ஓட்ட முடிவு செய்தோம். அதற்கு இரண்டு மென்பொருள்களைப் பார்த்தோம். விற்பனையாளர் சிபாரிசு செய்த ஒன்று எங்கள் டாக்டரம்மாவுக்குப் பிடித்துப்போனதால், அதையே புதிய சர்வரில் போட்டோம். பழையதை உடனே கழற்றிவிடலாம் என்றார் விற்பனையாளர். எனக்கு மனம் வரவில்லை. சில வாரங்கள் பழையதும் புதியதும் சேர்ந்தே ஓடட்டும் என்றேன்.

ஒருநாள் மதியம் இடியும் மழையுமாக இருந்தபோது கரண்ட் போய் வந்தது. நெட்டும் செல்போன் சிக்னலும் போய்விட்டன. புதிய சர்வர் ஆன் ஆனது. ஆனால் உள்ளே எதுவும் ஓடவில்லை. நெட் மூலம் மென்பொருளின் உரிமத்தைச் சரிபார்த்தால்தான் ஓடும் என்று திரையில் வந்தது.

அந்த நேரம் பார்த்து நர்ஸ் வேகமாக வந்தார்.

"வருசநாட்டுல இருந்து ஒரு பிள்ளையக் கொண்டாந்திருக்காக. போன தடவ இங்கன ஊசி போட்டதும் மூச்சுத் திணறுச்சாம். எந்த ஊசின்னு தெரியலைங்கிறாக."

நோயாளிகள் பதிவு இருந்த பழைய சர்வரைத் திறந்தேன். பிள்ளையின் பெயருக்கு நேரே பென்சிலின் ஒவ்வாமை என்று இருந்தது. டாக்டரம்மா போட இருந்ததும் அந்த ஊசிதான். வேறு மருந்து கொடுத்தார்.

"நல்லவேள தாயி, பழசக் கழட்டாம வச்சிருந்த" என்றார் டாக்டரம்மா.

பிறகு, நெட் இல்லாமலும் ஓடும் மற்ற மென்பொருளையே தேர்ந்தெடுத்தோம். இப்போதெல்லாம் யார் எதைக் காட்டினாலும், அவர்கள் முன்னாலேயே நெட் வயரைப் பிடுங்கி, கரண்டை நிறுத்திப் போட்டுப் பார்க்கிறேன். எல்லாம் தானாக ஓடினால்தான் மேற்கொண்டு பேசுகிறேன்.