நடுவில் நின்ற மொட்டை

உங்கள் அத்தை வீட்டில் இன்றைக்கும் யார் வாசலில் வந்து நின்றாலும் முதலில் ஒரு சொம்பு தண்ணீர் வந்துவிடும், பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரணம் உண்டு. ஒரு வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு அவள் கைக்குழந்தையோடு மலை ஏறப் போய், தாகம் தாங்காமல் படியிலேயே மயங்கி விழுந்துவிட்டாள். அந்தக் கூட்டத்தில் ஒரு வாய் தண்ணீருக்கு நான் ஓடிய ஓட்டம் எனக்குத்தான் தெரியும்.

மறு வருஷம் மலையடிவாரத்தில் ஒரு தண்ணீர்ப் பந்தல் போட்டே தீருவது என்று நானும் என் சிநேகிதர் பாயும் கிளம்பினோம். பாய்க்குக் கடைத்தெருவில் பெட்ரோமாக்ஸ் விளக்கு ரிப்பேர் கடை. நான் ஜவுளிக் கடையில் துணி கிழித்துக் கொடுக்கிற வேலையில் இருந்தேன். யுத்தம் முடிந்த புதிது. எங்கள் இரண்டு பேரை நம்பி யார் தர்மம் செய்வார்கள்? பெரிய மனிதர்கள் வேண்டும். அவர்களுக்கு அந்தக் காலத்தில் போஷகர் என்று பெயர்.

எங்களுக்கு மூன்று போஷகர்கள் கிடைத்தார்கள். ஒருவர் ரைஸ் மில் முதலாளி. பெரிய முறுக்கு மீசை, ஜரிகைத் தலைப்பாகை. மில் கிணற்றிலிருந்து வண்டி வண்டியாகத் தண்ணீர் அனுப்புவதாகச் சொன்னார். இன்னொருவர் டூரிங் டாக்கீஸ் முதலாளி. எண்ணெய் மினுமினுக்கும் கிராப்பு. தன் கொட்டகைத் துணியை அவிழ்த்துப் பந்தல் போட்டுக் கொடுத்தார். மூன்றாமவர் பட்டணத்து வாரப் பத்திரிகைக்குச் செய்தி எழுதும் நிருபர். அவரிடம் ஒரு பெட்டிக் காமிரா இருந்தது. வம்பே அதில்தான் வந்தது.

திருவிழாவுக்கு முந்தின நாள் பாய் கடையில் எல்லோரும் கூடினோம். நிருபர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "போஷகருங்க படத்தைப் பேப்பர்ல போடப் போறேங்க" என்றார்.

மில் முதலாளி மீசையைத் தடவினார். "அப்போ நடுவுல நான் நிக்கணும். தண்ணி என்னுது."

"பந்தல் என்னுது" என்றார் டாக்கீஸ்காரர். "மேல துணி இல்லாங்காட்டி உன் தண்ணி வெயில்ல வெந்நீரா பூடும்."

"அப்படியா நைனா? நாளைக்கு உன் துணியைப் புழிஞ்சி எல்லாருக்கும் தண்ணி குடு. என் வண்டி வராது."

செருப்பை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டார். பாய் கையிலிருந்த விளக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி, "இன்னா தம்பி, பந்தல் கீது, பானை கீது, தண்ணிதான் இல்ல" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மயங்கிக் கிடந்த உங்கள் அத்தையின் முகம்தான் கண்ணில் நின்றது.

விடிந்ததும் நானும் பாயும் தெருக்கிணற்றில் இறைத்து இறைத்துக் கொண்டுவந்தோம். தோளில் தோல் உரிந்ததுதான் மிச்சம். நாங்கள் ஊற்ற ஊற்றப் பானை காலியானது. அப்போது நம் ஊர் சித்தூர் ஜில்லாவில் இருந்தது. புத்தூரிலிருந்தும் நகரியிலிருந்தும் காவடிகள் வந்துகொண்டே இருந்தன. வெயில் ஏறியபோது எல்லாப் பானையும் வறண்டுவிட்டது.

அந்த நேரத்தில்தான் மில் முதலாளி மலையிலிருந்து இறங்கினார். முதலில் எனக்கே அடையாளம் தெரியவில்லை. மில்லுக்கு வாங்கிய புது எஞ்சின் நல்லபடியாக ஓடினால் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டிருந்தாராம். மீசையும் போய், தலை முழுக்கச் சந்தனம், வெற்று மார்பு. பின்னால் அவருடைய தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் வண்டிக்காரன். அவனும் மொட்டை. நாங்கள் தவிப்பதைப் பார்க்க வந்தவர்போலப் பானையருகே வந்து நின்றார்.

இடுப்பில் குழந்தையோடு ஓர் அம்மாள் அவரிடம் போனாள். "ஏமய்யா, சும்மா நின்னுகினு கீறியே, கொழந்தைக்குத் தண்ணி ஊத்து."

"தண்ணி இல்லம்மா..."

"இல்லியா? அப்பறம் பந்தல் எதுக்கு? உன் மொட்டைக்கு நெழலா?"

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். முதலாளி அந்தக் குழந்தையின் உலர்ந்த உதட்டைப் பார்த்தார். பிறகு வண்டிக்காரனிடம் திரும்பி, "டேய், வண்டியைப் பூட்டு. ஓடு!" என்றார்.

மில் அடுத்த தெருதான். வண்டிகள் வந்தன. முதல் சொம்பை அந்தக் குழந்தைக்குத் தானே புகட்டினார். அப்புறம் வண்டிக்காரன் பானையை நிரப்ப நிரப்ப, அவர் ஊற்றுவதை நிறுத்தவே இல்லை. கூட்டம் தாங்காமல் போனபோது, பந்தல் ஓரமாக நின்ற இன்னொரு மொட்டையைக் கூப்பிட்டு, "ஏம்பா, வேடிக்கை பாக்காத, நீயும் ஊத்து" என்று சொம்பைக் கையில் திணித்தார். அவரும் "சரிங்க" என்று ஊற்ற ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் போனதும் அந்த மொட்டை, கொட்டகை வாசலில் கூவுகிற குரலில், "வாங்க வாங்க! இன்னிக்கி ஒரே ஆட்டம்! டிக்கட் இல்லாத தண்ணி!" என்று கூவியது.

மில் முதலாளி கையில் சொம்போடு திரும்பினார். "அடப்பாவி, நீயா?"

"அய்யோ, நீதானா! மீசை எங்க?"

"உன் கிராப்பு போன எடத்துக்குத்தான்."

டாக்கீஸ் லைசென்ஸ் கிடைத்ததற்கு அவருக்கும் ஒரு வேண்டுதலாம். இரண்டு பேரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

நிருபர் காமிராவோடு வியர்த்து வழிந்து வந்தார். "போஷகருங்க எங்க பாய்?"

"தோ, அந்த மொட்டைங்கள்ல ரெண்டு."

அவருக்குப் புரியவில்லை. குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்த எல்லோரையும் சேர்த்து ஒரே படமாக எடுத்துவிட்டார்.

படம் பேப்பரில் வந்தது. நடுவில் பானைமேல் குனிந்த ஒரு மொட்டைத் தலை மட்டும் பளிச்சென்று இருந்தது. முகம் தெரியவில்லை. மில் முதலாளி அதைக் கண்ணாடி போட்டு மாட்டி, வருகிறவர்களிடமெல்லாம், "நடுவுல நான்தான்" என்றார். டாக்கீஸ்காரரும் டிக்கட் கொடுக்கிற ஜன்னலுக்குப் பக்கத்தில் அதே படத்தை மாட்டி, அதே மொட்டையைத் தொட்டுக் காட்டினார்.

ஒருநாள் பாய் படத்தை வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பார்த்தார். பின்னந்தலையில் ஒரு தழும்பு. மாடு முட்டிய தழும்பு. அது யாருக்கு உண்டு என்று எங்கள் இருவருக்கும் தெரியும். வண்டிக்காரனைக் கூப்பிட்டுக் காட்டினோம்.

"ஆங், என் தலைதாங்க" என்றான் அவன், வெட்கத்தோடு தழும்பைத் தடவிக்கொண்டு. "மொதலாளிகிட்ட சொல்லிடாதீங்க. பாவம், சந்தோஷமா கீறாரு."

நாங்கள் சொல்லவில்லை. மறு வருஷம் ஆடி பிறந்தபோது நாங்கள் யார் வீட்டுப் படியும் ஏறவில்லை. கிருத்திகைக்கு இரண்டு நாள் இருக்கும்போதே கொட்டகைத் துணி வந்தது. அதன் பின்னாலேயே தண்ணீர் வண்டிகள். முதல் வண்டியை ஓட்டி வந்தவன் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். உங்கள் அத்தை அந்த வருஷம் குழந்தையை நடக்கவிட்டே மலை ஏறினாள்.