பட்டியலில் முதல் பெயர்

லண்டனில் மகள் வீட்டுக்குப் பக்கத்து ரயில் நிலையத்தில் ஹீட்டர் போட்ட காத்திருப்பறை ஒன்று உண்டு. மகளும் மருமகனும் வேலைக்குப் போனபின் அங்கே போய் உட்காருவேன். ரயில் ஏறுவதில்லை; வேடிக்கை பார்ப்பதோடு சரி. நான்காம் நாள் ஓர் இளம் போலீஸ்காரர் வந்தார். மூன்று நாளாக நான் வருவதும் எதிலும் ஏறாமல் போவதும் கேமராவில் தெரிந்ததாம். என் கோட்டைத் தடவிச் சோதித்தார், பையைத் திறந்தார். தயிர்சாதம் இருந்தது. என் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டு ஒரு படிவத்தை நிரப்பி, நகலை என்னிடமே கொடுத்தார். முப்பது வருடம் இப்படி எழுதியவன் நான். ஒருவனுக்கும் நகல் கொடுத்ததில்லை.

"இந்தப் பதிவிலிருந்து என் பெயரை எப்போது எடுப்பீர்கள்?" என்று கேட்டேன்.

"கவலைப்படாதீர்கள் சார், உங்களைக் கைது செய்யவில்லை" என்று புன்னகைத்தார். நான் கேட்டது அதுவல்ல.

ஓசூர் எல்லையில், பெயர் தேவையில்லாத ஒரு காவல் நிலையத்தில் நான் பதிவேடு எழுதும் ரைட்டராக இருந்தேன். எஃப்.ஐ.ஆர். முதல் ரவுடிப் பட்டியல் வரை எல்லாம் என் கையெழுத்து. தேர்த்திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு பட்டியலில் உள்ளவர்களைப் பிடித்து வந்து அடைப்பது எங்கள் வழக்கம். முன்னெச்சரிக்கைக் கைது என்று பெயர். அதில் வருடம் தவறாமல் வந்தவன் மாரப்பன். ஜவளகிரிப் பக்கத்துக்காரன், சூளகிரியில் ஒரு தொழிற்சாலையில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் ஓட்டினான். என்றோ தொழிற்சாலை வாசலில் நடந்த ஓர் அடிதடியில் பெயர் ஏறியது. அதற்குப் பின் அவன் செய்த குற்றம், பட்டியலில் இருந்தது மட்டுமே.

நிலையத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த வருடம் என்னைத் தேடி வந்தான்.

"பேரை எடுத்துடுங்க சார். போலீஸ்ல பேர் இல்லன்னாத்தான் கம்பெனில பர்மனென்ட் பண்ணுவாங்களாம்."

"சட்டத்துல ரெண்டு வழிதான்டா. மூணு வருஷம் உன்மேல ஒரு பதிவும் இருக்கக்கூடாது. இல்லன்னா நீ சாகணும்."

"வருசா வருசம் நீங்களே புடிச்சிட்டுப் போயி எழுதிக்கிறீங்க. அப்பறம் எப்படி சார் மூணு வருசம் ஆகும்?" கொஞ்சம் யோசித்துச் சிரித்தான். "ரெண்டாவது வழிதான் சுலுவா இருக்கும்போல."

அவன் கேட்டது சட்டப்படி சரியான கேள்வி. திருவிழாக் கைது குற்றமல்ல, அதைக் கழித்தால் நீக்கத் தகுதி உண்டு என்று நான் ஒரு பத்திக் குறிப்பு எழுதியிருக்கலாம். எழுதவில்லை. நாளைக்கு அவன் எதையாவது செய்துவிட்டால் குறிப்பில் நிற்பது என் கையெழுத்தல்லவா? பதிவேட்டை நான் வரிவரியாக வாசிக்க, கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பெண் அப்படியே தட்டி ஏற்றினாள். அதிக முறை பிடிபட்டவனை அந்த இயந்திரம் மேலே வைத்தது. அந்த வருடத் திருவிழாவுக்கு முன் பட்டியல் காகிதத்தில் அச்சாகி வந்தபோது முதல் பெயர் மாரப்பன்.

"என்னய்யா ரைட்டர், கம்ப்யூட்டரு யாரைச் சொல்லுது?" என்றார் இன்ஸ்பெக்டர். ஜாதகத்தை நம்புவதுபோல் அதை நம்பினார்.

"மாரப்பன், சார்."

ஷிப்ட் முடிந்து வாசலுக்கு வந்தவனைத் தூக்கி வந்தார்கள்.

"தேர் அன்னிக்கு என்னடா பிளான்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒண்ணுமில்லீங்க சார். எனக்கு அன்னிக்கு டூட்டி."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?"

நடந்த குற்றத்துக்கு வாக்குமூலம் வாங்கும் முறைகள் எனக்குத் தெரியும். நடக்காத குற்றத்துக்கு வாங்குவதை அன்றுதான் பார்த்தேன். வலது கையை மேஜை விளிம்பில் வைத்து இரண்டு பேர் அழுத்திப் பிடித்தார்கள். லத்தி இறங்கியது. முதல் அடிக்கு "சார்" என்று என்னைப் பார்த்துக் கத்தினான். மூன்றாவதில் எலும்பு முறிந்த சத்தம் என் மேஜை வரை கேட்டது. ஐந்தாவதுக்குப் பின் கத்தவில்லை. வாயில் ரத்தமும் எச்சிலும் ஒழுகத் தரையில் சரிந்தான். நான் நேரம் குறித்துக்கொண்டிருந்தேன். நேரம் குறிப்பது ரைட்டர் வேலை.

அப்புறம், இனி வம்புக்குப் போகமாட்டேன் என்று கையெழுத்து வாங்கும் நன்னடத்தைப் பத்திரம். மாரப்பன் ஏழாவது படித்தவன், கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். அன்று பேனா பிடிக்க விரல்கள் மடங்கவில்லை; நாலும் ஊதிக் கறுத்திருந்தன. கையெழுத்துப் போட முடியாதவரிடம் இடது பெருவிரல் ரேகை வாங்கலாம் என்று விதி இருக்கிறது. அவன் விரலை நானே மையில் உருட்டி, பத்திரத்தில் அழுத்தினேன்.

"இனி பிரஸ் ஓட்ட முடியாதுங்க சார்" என்றான், ஏதோ தகவல் சொல்வதுபோல.

தேர் அமைதியாக ஓடியது. கம்ப்யூட்டர் சொன்னது பலித்துவிட்டதாக இன்ஸ்பெக்டர் எல்லோருக்கும் டீ சொன்னார். நானும் குடித்தேன்.

லண்டன் போலீஸ்காரர் படிவம் கொடுத்த மறுநாளும் அந்தக் காத்திருப்பறைக்குப் போனேன். கூரையிலிருந்த கேமரா என் பக்கம் மெல்லத் திரும்பியது. இந்த ஊர் ஏட்டில் இப்போது என் பெயர்; அந்த ஊர் ஏட்டில் என் கையெழுத்து. இரண்டு கைகளையும் கேமராவுக்குத் தெரியும்படி முழங்கால்மேல் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து விரலும் நேராக இருந்தன.