திரைக்கு முதுகு காட்டி நிற்பவர்

பால் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் ஏறி நின்று, தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேமராவைத் துடைக்கிறார் நார்பர்ட் க்ளிமெக். சட்டையின் கீழ் நுனிதான் துடைக்கும் துணி. அறையில் மற்ற எல்லோரும் திரையைப் பார்க்கிறார்கள். அவர் ஒருவர் மட்டும் எல்லோரையும் பார்க்கிறார். மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை மதியம், 'மார்லோ ஹார்பர் கூரியர்' அலுவலகத்தில் ஆண்டு தவறாமல் நடக்கிற காட்சி இது.

அந்த நேரத்தில் நியூயார்க்கில் ஒருவர் மேடையேறி, சிறந்த பத்திரிகை வேலைக்கும் புத்தகங்களுக்கும் இசைக்குமான அந்த ஆண்டின் பரிசுகளை வாசிப்பார். கடைசிச் சுற்றில் யார் யார் இருக்கிறார்கள் என்பதுகூட முன்கூட்டித் தெரியாது. பெயர் காதில் விழுந்த நொடியில் ஆட்கள் துள்ளுவதையும் கட்டிக்கொண்டு அழுவதையும் படமெடுத்து மறுநாள் முதல் பக்கத்தில் போடுவது ஜெயித்த பத்திரிகைகளின் வழக்கம். ஏரிக்கரையில் கிடக்கிற இந்தச் சின்னப் பத்திரிகைக்கு அந்தப் பாக்கியம் வாய்த்ததே இல்லை. வாய்த்தால் எடுக்க ஆள் தயாராக இருக்க வேண்டுமல்லவா? அதற்காகத்தான் நார்பர்ட் பெட்டி மேல் நிற்கிறார்.

ஆக, அவரிடம் சேர்ந்திருப்பதெல்லாம் தோற்ற முகங்கள். அந்த விஷயத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை.

"தோத்தது முகத்துல தெரியறதுக்கு முன்னால கையில தெரிஞ்சுடும்" என்பார், வாயில் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு. "காபிக் கப்பை எடுப்பான். பேனா எங்கன்னு தேடுவான். இல்லாத தூசியைத் தட்டுவான். ஜெயிச்சா எங்க ஆரம்பிக்கும்? அதுதான் எனக்குத் தெரியாது. ஒரே ஒரு தடவை அதை எடுத்துட்டேன்னா போதும், அப்புறம் ஊர்ச் சந்தையில பூசணிக்காய்ப் போட்டியா எடுத்துக்கிட்டு நிம்மதியா இருப்பேன்."

அந்த ஒரு படத்துக்காக நடைக்கூடத்துச் சுவரில் ஓர் ஆணி காத்திருக்கிறது. பழைய முதலாளி ஏதோ ஒரு வருடம் நம்பிக்கை தலைக்கேறிப்போய் அடித்தது. முதலாளி போய்விட்டார், நம்பிக்கையும் கொஞ்சம் இளைத்துவிட்டது. ஆணி சும்மா இருக்கிறதே என்று நார்பர்ட் தன் வெளிறிய நீலத் தொப்பியைக் காலையில் வந்ததும் அதில் மாட்டுகிறார், போகும்போது எடுத்துப் போட்டுக்கொள்கிறார். புதிதாகச் சேர்கிறவர்கள் அது தொப்பிக்கென்றே அடித்த ஆணி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவரும் திருத்துவதில்லை.

ஆள் கனத்த உடம்பு. நடந்தால் மாடிப்படி முனகும். ஆனால் கேமராவைக் கையில் எடுத்துவிட்டால் பக்கத்தில் வந்து நிற்பதே தெரியாது. சட்டைப் பையில் புதினா மிட்டாய், கோட்டுப் பையில் காலி ரொட்டிப் பைகள். ஏரியிலிருந்து பனியும் மழையும் அடிக்கும்போது கேமராவுக்கு அதுதான் குடை. காரில் முன் இருக்கை முழுக்க லென்சும் ரப்பர் பூட்சும் குவிந்து கிடப்பதால் அவர் மனைவி டோலோரெஸ் பின் இருக்கையில் மகாராணி போலத்தான் தேவாலயத்துக்குப் போய்வருகிறார்.

அவர் யாரையும் சிரிக்கச் சொன்னதில்லை. "சிரின்னா பல்லுதான் வரும்" என்பார். இன்னொரு தடவை செய்யுங்கள் என்றும் கேட்டதில்லை. புதுப் பாலத்தின் திறப்புவிழாவில், கத்தரிக்கோல் சிக்கிக்கொண்டு மேயர் ரிப்பனைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்த படம் அவருக்கு அகப்பட்டது. மேயர் பதறிப்போய் வேறு ரிப்பன் கட்டச் சொன்னார்.

"நார்ப், இப்ப பாரு, அழகா வெட்டறேன். இதை எடுத்துக்க."

"பாலம் தொறந்தாச்சுங்க மேயர். ரெண்டு தடவை தொறந்தா நடுவுல யார் மூடினதுன்னு ஜனங்க கேப்பாங்க."

பல்லைக் கடித்த படம்தான் வெளிவந்தது. மேயர் கொஞ்ச நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு தேர்தலில் ஜெயித்து அதையும் மறந்துபோனார்.

நார்பர்ட்டிடம் ஒரு பெரிய குறை உண்டு. கண்ணைக் கேமராவில் வைத்தால் காது அடைத்துவிடும். மரப்பட்டறை தீப்பிடித்து எரிந்தபோது, தீயணைப்பு வண்டி பின்னால் நின்று சங்கு ஊதியும் நகராமல் படமெடுத்துக்கொண்டிருந்தவர் இவர். மகள் கல்யாணத்தில் பாதிரியார் சொன்ன ஒரு வார்த்தையும் இவருக்கு நினைவில்லை. எடுத்த படங்கள் மட்டும் இருக்கின்றன.

"எங்கிட்ட சண்டை வந்தாப் போதும், உடனே கேமராவைத் தூக்கிடுவான்" என்று டோலோரெஸ் ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். "இந்த மனுஷனைத் திட்டணும்னா முதல்ல பேட்டரியைக் கழட்டணும்."

பரிசு அறிவித்த அன்று இரவு அவர்கள் வீட்டில் ஒரு கூத்து நடக்கும். இசைக்கான பரிசைப் பெற்ற படைப்பைத் தேடிப்பிடித்து, உருளைக்கிழங்கு அடைத்த பீரோகிக் கொழுக்கட்டை சாப்பிட்டபடி இருவரும் கேட்பார்கள். அதே வாரத்தில் பரிசு பெற்ற நாவலும் நூலகத்திலிருந்து வந்துவிடும். நம்மைத் தோற்கடித்தது யார் என்று பார்க்க வேண்டாமா என்பது நார்பர்ட்டின் நியாயம். பாட்டு எழுதியவரும் நாவல் எழுதியவரும் கூரியரைத் தோற்கடிக்கவில்லையே என்று யார் சொன்னாலும் அவர் கேட்பதில்லை.

"இது பாட்டா, யாராவது பாத்திரம் கழுவறாங்களா?" என்று டோலோரெஸ் தொடங்குவார்.

"பொறு, பொறு. இப்ப வயலின் வரும்."

"வயலினும் பாத்திரம்தான் கழுவுது."

கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். ஒரு வருடம் வந்த பாட்டு டோலோரெசுக்குப் பிடித்துப்போய், தேவாலயச் சமையலறையில் பீரோகி மடிக்கும் பெண்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினார். அவர்கள் இன்னும் அதை மன்னிக்கவில்லை.

இந்த ஆண்டு பெட்டி மேல் ஏறியதும் நார்பர்ட் கேமராவை இரண்டு தடவை துடைத்தார். காரணம் கூரியரின் நிருபர் டெசிரே ப்ரூயிட். ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவப் பகுதியை மூடியதும், பிள்ளை பெறப்போகும் பெண்கள் வலியோடு அடுத்த மாவட்டத்துக்குக் காரில் போவதைப் பற்றிப் போன வருடக் குளிர்காலம் முழுக்க எழுதியவள் அவள். பேச்சில் வெடுக்கென்று இருப்பாள், எழுத்தில் ஒரு சொல் மிகையாக வராது. அந்தத் தொடர் வந்தபிறகு ஊரில் கூட்டம் போட்டார்கள், மாநிலத் தலைநகரிலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். இந்தத் தடவை ஆணிக்கு வேலை வந்துவிடும் என்று அலுவலகமே நம்பியது. டெசிரே நம்பாத மாதிரி நடித்தாள். நார்பர்ட்டுக்கு அவள் மேல் மகளைப் போல் பாசம். அவள் ஜெயிக்க வேண்டும், அந்த முகத்தைத் தான் எடுக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு அந்த மாதம் முழுக்க வேறு நினைப்பில்லை.

தொடருக்குப் படம் எடுத்தவர் அவர்தான். அந்தப் பெண்களின் கார்களில், பின் இருக்கையில் உடம்பைச் சுருக்கிக்கொண்டு எத்தனையோ பயணம். ஒருநாள் ஜோலின் என்ற பெண்ணின் கார் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டது. சரக்கு ரயில் முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஆவி படிந்த கண்ணாடியில் ஜோலின் முஷ்டியை ஊன்றிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, ரயிலைக் கெஞ்சுவது போல் பார்த்துக்கொண்டிருந்தான். நார்பர்ட் அதை எடுத்தார். இறங்கிப்போய் ரயில் இன்னும் எவ்வளவு நீளம் என்று பாரும் ஐயா என்று புருஷன் கத்தியது அவர் காதில் விழவே இல்லை. கேட் திறந்து, போய்ச் சேர்ந்து, பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது.

பத்திரிகையில் போடும் முன் படத்தை எடுத்துக்கொண்டு ஜோலின் வீட்டுக்குப் போனார். சமையலறை மேசையில் வைத்தார்.

"வேணாம்னா இங்கயே கிழிச்சுடு, கண்ணு. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

ஜோலின் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். பிறகு படத்தைக் குளிர்ப்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து மாட்டினாள். "இவ பெரியவளாகி எங்கிட்ட எதிர்த்துப் பேசுவா இல்ல, அன்னிக்குக் காட்டறேன்" என்றாள்.

ஜனவரியில் ஆசிரியர் கரோல் ஹென்ஷா அந்தப் படங்களில் நல்லதாகப் பொறுக்கித் தரும்படி கேட்டார். டெசிரேயின் தொடரோடு சேர்த்து அனுப்பத்தான் என்று எண்ணிக் கொடுத்துவிட்டார் நார்பர்ட். "எழுத்துக்குத்தான் பரிசு. படம் சும்மா துணைக்குப் போகும்" என்று டோலோரெசிடம் சொன்னார்.

இந்த மே மாதம். மணி மூன்று. திரையில் அந்த மனிதர் தொண்டையைச் செருமினார். கரோல் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். டெசிரே முன் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, எனக்கென்ன வந்தது என்ற முகத்தோடு நின்றாள். நார்பர்ட் கண்ணைக் கேமராவில் வைத்தார். காது அடைத்தது.

அவளைத் தவிர வேறெதையும் அவர் பார்க்கவில்லை. கட்டியிருந்த கை அவிழ்ந்தது. பக்கத்து மேசையில் இருந்த காபிக் கப்பைத் தேடிப் போனது.

போச்சு, என்று நினைத்தார் நார்பர்ட். வேறு ஏதோ ஊர்ப் பத்திரிகையின் பெயரை வாசித்திருக்கிறார்கள். கரோல் டெசிரேயின் தோளில் கை வைத்தார். யாரோ ஏதோ சொன்னார்கள். டெசிரே தலையை ஆட்டிவிட்டுக் கப்பை வாயருகே கொண்டுபோனாள், குடிக்கவில்லை. பாவம், என்ன எழுத்து எழுதினாள். படமெடுக்க அவருக்கு மனம் வரவில்லை, ஆனாலும் எடுத்தார். தோற்ற முகத்துக்கும் ஒரு மரியாதை உண்டு என்பது அவர் எண்ணம்.

பட்டியல் முடியும்வரை யாரும் கலைவதில்லை. ஜெயித்தவர்களுக்குக் காட்டுகிற மரியாதை அது. ஆகவே நார்பர்ட்டும் கண்ணை எடுக்காமல் டெசிரேயின் மேலேயே வைத்திருந்தார்.

அப்போது அவள் கையிலிருந்து கப் விழுந்தது. காபி தரையெல்லாம் சிதறியது. அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. நிமிர்ந்து, நேராகக் கேமராவைப் பார்த்தாள்.

நார்பர்ட்டுக்கு எரிச்சல் வந்தது. இத்தனை வருடம் கூட இருந்தும் இந்தப் பெண்ணுக்குத் தெரியாதா? "ஏய், என்னைப் பாக்காத! அங்க பாரு!" என்றார்.

அவள் கேட்கவில்லை. கரோலும் அவரைத்தான் பார்த்தார். பின்னால் நின்ற விளையாட்டுப் பகுதிக்காரர், விளம்பரப் பகுதிப் பெண், காவலாளி என்று எல்லோர் கண்ணும் அவர் மேலேயே இருந்தது. எல்லோருடைய வாயும் அசைந்தது. திரையை மறைத்துக்கொண்டு நிற்கிறோம் போலிருக்கிறது என்று பெட்டியிலிருந்து இறங்கி இடப்பக்கம் நகர்ந்தார். முகங்கள் இடப்பக்கம் திரும்பின. வலப்பக்கம் போனார். அவையும் கூடவே வந்தன. சந்தேகம் வந்து, ஒரு கையால் பேண்ட் ஜிப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அது சரியாகத்தான் இருந்தது.

"என்னைப் பாக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று கத்தியபடி பட்டனை அழுத்தினார்.

டெசிரே காபியை மிதித்துக்கொண்டு வந்து அவர் தோள் இரண்டையும் பிடித்தாள். அவள் கண்ணில் தண்ணீர் வழிந்தது, வாய் சிரித்தது.

"யோவ் நார்ப்! உன் பேரைத்தான்யா படிச்சாங்க! படத்துக்குன்னு தனிப் பரிசு! திரும்பித் தொலையேன்!"

அவளே அவரைப் பிடித்துத் திருப்பினாள். திரை முழுக்க ஜோலினின் முஷ்டி.

அறையே ஆர்ப்பரித்தது. இப்போது எல்லாச் சத்தமும் அவருக்குக் கேட்டது.

"ஜோலினுக்கு யாராவது சொன்னீங்களா?" என்றார்.

"உன்னைக் கேக்காமத்தான் தனியா அனுப்பினேன்" என்றார் கரோல். "கேட்டா வேணாம்னுருப்ப."

"ஆமா, வேணாம்னுதான் சொல்லிருப்பேன்."

"சரி, எல்லாரும் திரையைப் பாருங்க!" என்று கரோல் குரல் கொடுத்தார். "நார்ப், மறுபடி குதிக்கறோம், ஒழுங்கா ஒண்ணு எடுத்துக்கோ. முதல் பக்கத்துக்கு வேணும்."

"நடந்தது நடந்தாச்சு. மேயருக்கே மாட்டேன்னவன் நான்."

டோலோரெஸ் தொலைபேசியில் முதலில் அழுதார், பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "சரி, பாட்டுப் பரிசு யாருக்குன்னு கேட்டு வெச்சுக்க" என்றார். "இன்னிக்கும் அந்தக் கண்றாவியைக் கேட்டாகணும் இல்ல?"

மறுநாள் முதல் பக்கத்தில் அந்தப் படம்தான் வந்தது. கவிழ்ந்த கப், தரையில் காபி, அறை முழுக்க ஆட்கள், ஒருவர் விடாமல் நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டு. டெசிரே தோற்று ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அன்றும் நார்பர்ட் வழக்கம்போல் ரொட்டிப் பைகளோடும் மிட்டாயோடும் மாடிப்படியை முனகவைத்தபடி வந்தார். நடைக்கூடத்தில் தொப்பியைக் கழற்றி, பார்க்காமலேயே ஆணியை நோக்கிக் கையை உயர்த்தினார். கை பாதியில் நின்றது. ஆணி காலியாகத்தான் இருந்தது. படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட இன்னும் நாளாகும் என்று கரோல் சொல்லியிருந்தார். நார்பர்ட் தொப்பியை நான்காக மடித்துக் கோட்டுப் பைக்குள், ரொட்டிப் பைகளோடு சேர்த்துத் திணித்துக்கொண்டு உள்ளே போனார்.