பாதிப் படத்தில் பஸ் வந்துவிட்டது

போன மாதம் நீதியைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். இடம் — ஒரகடம் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். முதலில் பாதிப் படம், அப்புறம் என் பேச்சு, டீ, மறுபடி மீதிப் படம். இடைவேளையில் பேசினால் யார் கேட்பார்கள்? டீ இருக்கும்போது நீதி எதற்கு?

ஏற்பாடு செய்தவர் ஸ்டெல்லா. படப்பையில் டெய்லர் கடை வைத்திருக்கிறார், மகளிர் குழுவின் தலைவியும்கூட. ஹாஸ்டலில் தங்கி கம்பெனி வேலைக்குப் போகும் பெண்களுக்காக அவ்வப்போது ‘சமூகக் கருத்துள்ள’ படம் ஒன்றைத் திரையிடுவார். கூடவே கருத்து சொல்ல என்னைப் போல ஒருத்தி.

அன்றைய படம் திருட்டுப் பழி பற்றியது. ஒரு வீட்டில் மோதிரம் காணாமல் போகிறது. வேலைக்காரப் பெண் மேல் சந்தேகம். முதல் பாதியில் எல்லாமே அவளுக்கு எதிராகத்தான் இருக்கிறது — பீரோ சாவி அவளிடம் இருந்திருக்கிறது, கேட்டால் பொய் வேறு சொல்கிறாள். போலீஸ் வந்து கூட்டிப்போகிறது. இடைவேளை.

நான் மைக்கைப் பிடித்து, “குற்றம் என்பது...” என்று ஆரம்பித்தேன். வெளியே ஹாரன் சத்தம். மண்டபத்தில் முக்கால்வாசிப் பேர் எழுந்தார்கள். பையை மாட்டினார்கள், நின்றபடியே டீயைக் குடித்தார்கள், போயே போய்விட்டார்கள்.

“செகண்ட் ஷிஃப்ட் பஸ்ஸு மேடம், நிக்காது. இன்னா பண்றது?” என்றார் ஸ்டெல்லா. “ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் பொண்ணுங்க இப்ப வந்துரும். நீங்க பேசிக்கினே இருங்க.”

காலி நாற்காலிகளிடம் பேசிக்கொண்டே இருந்தேன். வந்தார்கள். அவர்களும் டீ குடித்தார்கள். அவர்கள் பார்த்தது இரண்டாம் பாதியை. மோதிரத்தை எடுத்தது வேறு ஆள் என்று தெரிந்து, அந்தப் பெண் வெளியே வருகிறாள். சுபம்.

ஆக, ஒரு கூட்டம் பழியை மட்டும் பார்த்தது. இன்னொரு கூட்டம் தீர்ப்பை மட்டும் பார்த்தது. எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள்... நம்மிடம் மட்டும் என்ன வாழ்கிறதாம்? ஒருவர் கைதான செய்தி அத்தனை வாட்ஸ்அப் குரூப்பிலும் வந்துவிடும். அவர் விடுதலையான செய்தி? அது வரும்போது நாம் வேறு பஸ்ஸில் ஏறியிருப்போம்.

இதை அப்படியே எழுதி, இந்த வாரப் பத்தியை முடித்திருக்கலாம். செருப்பை மாட்டும்போது ஒரு பெண் வந்து நின்றாள். பெயர் முத்துலட்சுமி. சங்கரன்கோவில் பக்கம்.

“மேடம், மொத பாதில அந்தப் பொண்ண எல்லாரும் என்ன சொன்னாவ?”

“திருடின்னு சொன்னாங்க.”

“எங்க ரூம்ல உள்ளவளுவ அது வரைக்குந்தான் பாத்துட்டுப் போயிருக்காளுவ.”

மெல்ல மெல்லத்தான் விஷயம் வந்தது. அதே அறையில் இருக்கும் செல்வியின் தங்கக் கம்மலைக் காணோம். மற்றவர்கள் எல்லோரும் ஒரே ஷிஃப்ட், முத்துலட்சுமி மட்டும் வேறு. அவர்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் அறையில் இவள் தனியாக இருப்பாள். அவ்வளவுதான் சாட்சி. இவள் பையைத் தரையில் கொட்டித் தேடியிருக்கிறார்கள். கம்மல் கிடைக்கவில்லை. ஆனாலும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பாயை வராந்தாவில் போட்டுவிட்டார்கள். மாதக் கடைசியில் காலி பண்ணச் சொல்லிவிட்டார் வார்டன்.

“வேற ஹாஸ்டல் பாக்கக் கூடாதா?” என்றேன்.

“எதுக்குக் காலி பண்ணச் சொன்னாவன்னு அங்கயும் கேப்பாவல்லா? ஊருக்குத் தெரிஞ்சா அம்மா வேலையே வேண்டாம், வந்துருன்னுருவா.”

நீ எடுத்தாயா என்று நான் கேட்கவில்லை. எடுக்கவில்லை என்று அவளும் சொல்லவில்லை. சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருக்கும். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“அவளுவளுக்கு மறு பாதியப் போட்டுக் காட்ட முடியுமா மேடம்?”

பத்து நிமிடம் நீதியைப் பற்றிப் பேசிய எனக்கு இந்த யோசனை வரவில்லை. நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன்.

“அடுத்த வாரம் ஷிஃப்ட் மாறும். அதுங்க கரெக்டா மறு பாதிக்கு வரும்” என்றார் அவர், முத்துலட்சுமியிடம். “போட்டுட்டாப் போச்சு. ஆனா மனசு மாறுமான்னு என்னக் கேக்காத.”

அடுத்த சனிக்கிழமை நானும் போனேன், பேச்சாளராக அல்ல, பார்வையாளராக. அதனால் கூட்டம் நிம்மதியாக இருந்தது. இந்தத் தடவை முத்துலட்சுமி முதல் பாதியைப் பார்த்துவிட்டு பஸ் ஏறிப் போனாள். அறைத்தோழிகள் வந்து மீதியைப் பார்த்தார்கள். அழுகை கிழுகை எதுவும் இல்லை. ஒருத்தி கொட்டாவிகூட விட்டாள்.

வெளியே வந்ததும் கேட்டுப் பார்த்தேன். “அது சினிமா மேடம். எங்க ரூமுக்கு வேற யாரு வரப்போறா?” என்றாள் ஒருத்தி. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. செல்வி மட்டும் கவரிங் கம்மலைத் திருகிக்கொண்டு நின்றாள்.

“அவ எடுத்தாளா இல்லயான்னு எனக்குத் தெரியல மேடம்” என்றாள். “தெரியாமத்தான அவ பையக் கொட்டுனோம்.”

மறுநாள் ஸ்டெல்லாவின் போனிலிருந்து முத்துலட்சுமி பேசினாள். செல்வியே வார்டனிடம் போய், இவள் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாளாம். பாய் அறைக்குள் வந்துவிட்டது. மற்ற இருவரும் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கம்மல் இன்றுவரை கிடைக்கவில்லை. யார் எடுத்தது என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியப்போவதில்லை.

“சரி, இப்ப நீயும் மொத பாதியப் பாத்துட்ட. எப்படி இருந்தது?” என்று கேட்டேன்.

“நல்லவேளை மேடம், நான் மறு பாதிய மொதல்ல பாத்துட்டேன். இல்லன்னா... அவதான் திருடின்னு நானும் சொல்லியிருப்பேன்.”