பேர் கேட்கும் மேசையும் பேரில்லாத என் பிள்ளையும்

பிறப்புப் பதிவு மேசையில் உட்காருகிறவர்களுக்கு ஒன்று சீக்கிரமே விளங்கிவிடும்: பெற்றவள் வலி மறந்து இட்லி சாப்பிட ஆரம்பித்த பிறகுதான், பேர் என்கிற அடுத்த வலி குடும்பத்தையே பிடிக்கிறது.

காரைக்காலில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி. முன்மேசையில் உட்கார்ந்து குழந்தைக்கு என்ன பேர் என்று கேட்டு எழுதி அனுப்புவது என் வேலை. கான்வென்டில் எங்களுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த சிஸ்டர், யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் அவள் பேருக்கு என்ன அர்த்தம், எந்த தேசத்துப் பேர் என்று சொல்லித்தான் வாழ்த்துவார். அந்தப் பழக்கம் என்னையும் தொற்றிக்கொண்டது. நான் ஒருத்தருக்கு அர்த்தம் சொல்லப்போக, அவர் நாலு பேரிடம் சொல்ல, இப்போது பேர் எழுத வருகிறவர்கள் எல்லோரும், "அந்தப் பேர் மேரி இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருகிறார்கள்.

மேசைக்கு இந்தப் பக்கம் இப்படி. வீட்டில் என் மகனுக்கு ரொம்ப நாள் பேரில்லை. தவழ ஆரம்பித்த பிறகும் இல்லை. தம்பி, தங்கம், ராசா என்று கூப்பிட்டு வந்தோம். இவனுக்கு முன்னால் ஒருத்தன் இருந்தான். அவனுக்கு வயிற்றில் இருக்கும்போதே பேர் தேர்ந்தெடுத்து, வெள்ளிக் காப்பில் பொறித்தும் வாங்கி வைத்தேன். அந்தக் காப்பு அவன் கையில் ஏறவேயில்லை. முன்கூட்டியே பேர் வைத்ததால்தான் போனான் என்று எனக்குள் ஒன்று உட்கார்ந்துவிட்டது. படித்தவள்தானே என்று கேட்காதீர்கள். உங்களிலும் எத்தனை பேர் ராத்திரியில் எழுந்து பிள்ளையின் மூக்கடியில் விரல் வைத்துப் பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் இருந்தேன்; இதை எழுதும்போதும் நடுநடுவே போய் அவனை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

மாடிப்படியோடு நின்ற வீடு

தலத்தெருவிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பம். அந்த நாட்டுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், ஊரில் சொல்தா என்றுதான் கூப்பிடுவார்கள். பேரனுக்கு சேவியர் என்று எழுதச் சொன்னார். அவர் அப்பா பேர் அது. "சவரிமுத்துன்னு ஊருல சொல்லுவாங்க, காகிதத்துல சேவியர்" என்றார். நம் ஊரில் பாதிப் பேருக்கு இப்படி ஊருக்கு ஒன்று, காகிதத்துக்கு ஒன்று.

அர்த்தம் கேட்டார். அது முதலில் ஆள் பேரே இல்லை, ஸ்பெயினில் பிரெஞ்சு எல்லையை ஒட்டிய மலைப்பக்கத்து இடப் பேர், அந்த ஊர்ப் பாஷையில் புது வீடு என்று அர்த்தம் என்றேன். பெரியவர் மருமகளைப் பார்த்தார், மருமகள் வேறெங்கோ பார்த்தாள். தலத்தெருவில் அவர் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டை ஊரே அறியும். பென்ஷன் வரும்போது கொஞ்சம் ஏறும், அப்புறம் நிற்கும்.

"அப்ப இவனாவது கட்டி முடிக்கட்டும்மா, நான் மாடிப்படியோட நின்னுட்டேன்."

ஏர் பிடிக்கிறவன்

வரிச்சிக்குடியிலிருந்து ஒரு இளவட்டம், ஈரத்தலையோடு பைக்கில் வந்தான். நடவு நடக்கிறது, அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறேன், சீக்கிரம் எழுதுங்க என்றான். ஜார்ஜ். ஏன் அந்தப் பேர் என்றேன். தாத்தா, அப்பா, தான் எல்லோரும் சேற்றிலேயே கிடந்தாச்சு, இவனாவது ஸ்டைலான பேரோடு ஆபீசில் உட்காரட்டும் என்றான். சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? கிரேக்கத்தில் ஜார்ஜ் என்றால் நிலத்தை உழுகிறவன் என்று சொல்லித் தொலைத்தேன். அவன் முகம் விழுந்துவிட்டது. "வேற பேர் போட்டுக்கலாமாங்க?" என்று என் பேனாவைப் பிடித்துக்கொண்டான்.

பின்னால் மகளின் டிஸ்சார்ஜுக்காகக் காத்திருந்த ஒரு அம்மா, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார்.

"எங்க மவன் பேரு ஹாரிஸு, அரபியில அதுக்கும் உழவன்னுதான் அர்த்தம், துபாயில ஏசி ரூம்ல உக்காந்து அரிசி விக்கிறான், நீங்க தாராளமா வைங்க தம்பி."

ஒருத்தனுக்கு வைத்த இரட்டைப் பேர்

இதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன். ஒரு தாய், ஒரே ஆண் குழந்தை. கணவர் பக்கத்தில் தாமஸ் என்று முடிவாகி வந்திருந்தது. நான் வழக்கம்போல் சிரித்துக்கொண்டே, பழைய அராமிய மொழியில் அதற்கு இரட்டைப் பிள்ளை என்று அர்த்தம், ஒருத்தனுக்கு வைக்கிறீங்களே என்றேன். அவள் கையெழுத்துப் போடாமல் நின்றாள். முதல் ஸ்கேனில் இரண்டு இருந்ததாம். பிறகு ஒன்றுதான் தங்கியதாம். கணவர் வீட்டில் இது யாருக்கும் தெரியாது என்றாள். மன்னித்துக்கொள்ளச் சொன்னேன், வேறு பேர் எழுதித் தருகிறேன் என்றேன். அவள் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

"இருக்கட்டும் மேடம், ரெண்டு பேருக்கும் சேத்து வச்ச மாதிரி ஆவும்."

தவிட்டுக்கு வாங்கின பிள்ளை

அன்றைக்கு நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டேன். என் மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். தம்பி மூச்சு விடுகிறானா என்று கேட்டதும், "விடாம பின்ன, துருத்தி மாதிரி மூச்சு வாங்கித் தூங்குறான்" என்றார். அன்று சாயங்காலமே அத்தை ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். முதல் பிள்ளை தங்காத வீட்டில் அடுத்ததைத் தவிட்டுக்கு விற்றுவிடுவது நம் பக்கத்து வழக்கம். பக்கத்து வீட்டுக்காரி தவிடு கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்வாள். பிறகு யார் வீட்டுப் பிள்ளையையோ வளர்க்கிற மாதிரி நாம் திரும்பத் தூக்கி வந்து, பிச்சை என்று பேர் வைப்போம். இந்துக்களில் பிச்சை, நம் கிறிஸ்தவர்களில் பிச்சைமுத்து, முஸ்லிம்களில் பக்கீர். எல்லாம் ஒரே அர்த்தம், ஒரே பயம்.

பாரிஸில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரரோ போனில் கத்தினார். பேர் இல்லாமல் பாண்டிச்சேரி பிரெஞ்சுத் தூதரகத்தில் பிள்ளையைப் பதிய முடியாது, பதியாமல் எங்களை அங்கே அழைத்துக்கொள்ள முடியாது. ரெனே என்று வை, தன் சித்தப்பா பேர் என்றார். ரெனே என்றால் மறுபடி பிறந்தவன். அப்படியானால் இவன் அவனா? போனவன் என்ன ஆனான்? வேண்டாம் என்று போனை வைத்தேன்.

விற்பனை மட்டும் நடந்தது. மதில் சுவருக்கு மேல் நான் பிள்ளையை நீட்ட, பக்கத்து வீட்டு செல்வி அக்கா ஒரு முறம் தவிட்டை நீட்டினாள். வாங்கியவள் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய், டிவியைப் போட்டு, பிஸ்கட்டைக் கையில் கொடுத்துவிட்டாள். நான் தவிட்டோடு சுவரோரம் நிற்கிறேன். அக்கா, குடுங்க என்கிறேன். சிரிக்கிறாள். என் கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்த பிறகுதான் எழுந்து வந்தாள்.

"வாங்குன பொருளத் திருப்பிக் குடுக்குற பழக்கம் எங்க வீட்டுல இல்ல மேரி, ஒனக்காகத்தான் தர்றேன்."

குற்றப்பத்திரிகை

தவிட்டுக்கு விற்றாயிற்று. ஆனாலும் பிச்சைமுத்து என்று கூப்பிட மனசு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் கேலி பண்ணுவார்கள் என்று அத்தையிடம் சொன்னேன். நிஜக் காரணம் வேறு. எந்தப் பேராக இருந்தாலும் அது கூப்பிடுகிற பேர்தானே. முதல் பிள்ளையைக் கொண்டுபோனதும் அதே பேரைச் சொல்லிக் கூப்பிடலாம்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நர்ஸ் நூர்ஜஹான் பேர் பேராகச் சொல்லுவாள், நான் ஒவ்வொன்றாகத் தள்ளுவேன். பால்? லத்தீனில் சின்னவன், அதனால்தான் நம் முன்னோர் சின்னப்பன் என்று தமிழாக்கினார்கள். என் பிள்ளை ஏற்கெனவே எடை குறைவு. கிளோத்? பிரெஞ்சுக்காரர்கள் வைக்கிற பேர், லத்தீனில் நொண்டி. ஸ்டீபன்? கிரீடம், நம் முடியப்பன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கல்லால் அடிபட்ட புனிதர். அமர்? சாகாதவன். அவள் பக்கத்துக் காலித்தும் கிட்டத்தட்ட அதேதான், என்றும் இருப்பவன். அதைச் சத்தமாகச் சொல்லிக் கூப்பிட யாருக்குத் தைரியம் இருக்கிறது? நூர்ஜஹான் டிபன் பாக்ஸை மூடினாள்.

"நீங்க பேரு தேடல மேரி, குத்தம் தேடுறீங்க."

ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்தவர்

விழிதியூர் ஆட்டோக்காரர் ஒருவர். வண்டியை வாசலில் குறுக்கே நிறுத்திவிட்டு, வாட்ச்மேன் சத்தம் போடப் போட உள்ளே வந்தார். பையனுக்கு அந்தோணி. மாமனார் பேரும் அந்தோணி, மச்சான் பேரும் அந்தோணி, ஏன் என்று கேட்காதீங்க என்றார். நான் அர்த்தம் சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. போனில் தேடினேன். ரோமாபுரியில் பழைய குடும்பப் பேர், அதற்கு முன்னால் எங்கிருந்து வந்தது, என்ன அர்த்தம் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது என்று போட்டிருந்தது. பூ என்று சிலர் சொல்வது பிற்பாடு ஒட்டவைத்ததாம். எனக்கு வெட்கமாகிவிட்டது. இத்தனை நாளில் முதல் தடவையாக, தெரியலைங்க என்றேன். அவர் சாவியைச் சுழற்றிக்கொண்டே வாசலைப் பார்த்தார்.

"கூப்புட்டா திரும்பிப் பாத்தாச் சரிம்மா, அர்த்தத்த அவனே பாத்துக்குவான்."

பேபி ஆஃப் மேரி

போன மாதம் தம்பிக்குக் காய்ச்சல். வேலைக்கு வரும்போது லேசாக இருந்தது. அத்தை மத்தியானம் அவனைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கும்போது உடம்பு கொதித்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கும் ஒரு வார்டு உண்டு, அங்கேயே சேர்த்தோம். நான் தினம் உட்காரும் மேசையைத் தாண்டித்தான் வார்டுக்குப் போகணும். அன்று அந்த மேசையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கட்டிலில் கட்டும் அட்டையில் பேருக்கு நேராக "பேபி ஆஃப் மேரி" என்று எழுதிக் கட்டினார்கள். பேர் வைக்காத பிள்ளைகளுக்கெல்லாம் அப்படித்தான். என் முதல் பிள்ளையின் காலில் கட்டியிருந்ததும் அதுதான் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பேர் தேர்ந்தெடுத்திருந்தேனே தவிர, அதை ஆஸ்பத்திரியில் யாரிடமும் சொல்லி எழுதவைக்க நேரமில்லை. அவன் பேரோடு போகவில்லை. பேரில்லாமல்தான் போனான். இத்தனை நாள் நான் அதைத் தலைகீழாக நினைத்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறேன்.

நூர்ஜஹான் ஊசித் தட்டோடு வந்தாள். அட்டையைப் பார்த்தாள். அடுத்த கட்டில் அட்டையையும் பார்த்தாள். அதுவும் பேபி ஆஃப் மேரி. கிளிஞ்சல்மேட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மேரி, பேதியாகிற குழந்தை. நம் ஊரில் மேரிக்கா பஞ்சம்? இரண்டு பிள்ளைக்கும் வேறு வேறு மருந்து. நூர்ஜஹானுக்கு என்னையும் தெரியும், தம்பியையும் தெரியும், அவன் படத்தைத் தினமும் என் போனில் பார்க்கிறவள். இருந்தும் நின்றுவிட்டாள். ஒரே பேரில் இரண்டு அட்டை இருந்தால், குழந்தையின் பேர் கேட்டு எழுதாமல் ஊசி போடக்கூடாது, அது வார்டு சட்டம். "ரூல மாத்த முடியாது மேரி. பேரச் சொல்லுங்க" என்றாள். கையில் மார்க்கர் பேனாவைத் திறந்து வைத்திருந்தாள்.

புது வீடு, உழவன், இரட்டை, கிரீடம், மறுபடி பிறந்தவன், சாகாதவன், எல்லோரும் அர்த்தத்தோடு வரிசையில் வந்து நின்றார்கள். ஒவ்வொருத்தர் பின்னாலும் ஒரு குற்றம். தம்பியின் உதடு காய்ந்திருந்தது. அத்தை பிச்சைமுத்துன்னு சொல்லு என்று முழங்கையால் இடித்தார். என் வாயிலிருந்து அந்தோணி என்று வந்தது. நான் யோசிக்கவில்லை, சத்தியமாக. தம்பி கண்ணைத் திறந்து என் பக்கம் பார்த்தான். குரலுக்குப் பார்த்தானா, பேருக்குப் பார்த்தானா, தெரியாது.

நூர்ஜஹான் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டினாள். எழுதிக்கொண்டே, வழக்கமாக நான் மற்றவர்களிடம் சொல்கிற அதே குரலில், இதுக்கு என்ன அர்த்தம் என்றாள். யாருக்கும் தெரியாது என்றேன். உங்களுக்குமா என்றாள். எனக்குந்தான் என்றேன்.

"அப்ப இதுல குத்தம் கண்டுபிடிக்க உங்களாலேயே முடியாது; கையக் கெட்டியாப் புடிச்சுக்குங்க, ஊசி போடணும்."

காய்ச்சல் இறங்கி, ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானமும் ஆகி, தூதரகத்துக் காகிதத்திலும் ஏறிவிட்டது. ஊர்ப் பிள்ளைகளின் பேருக்கெல்லாம் அர்த்தம் சொன்ன நான், அர்த்தம் தெரியாத ஒரு பேரைப் பெற்ற பிள்ளைக்கு வைத்துவிட்டு, மூக்கடியில் விரல் வைப்பதை நிறுத்தி, இப்போதெல்லாம் கதவோரம் நின்று மெல்லக் கூப்பிட்டுத் திரும்புகிறானா என்று பார்த்து, தூங்குகிற பிள்ளையை எழுப்பித் தொலைக்கிறேன்.