லொகேஷன் அனுப்பாமல் காட்டுப்பாக்கம் போய்ச் சாட்சி சொன்னது

இலங்கையின் வன்னிப் போரில் நடந்ததைப் பற்றிச் சாட்சி சொல்ல என்னைப் போல வேறு யாரேனும் காட்டுப்பாக்கத்துக்குப் புறப்படக்கூடும். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். அகதியாக வந்ததிலிருந்து நான் அம்பத்தூரில்தான் இருக்கிறேன், ஒரு லேத் பட்டறையில் காவல் வேலை. போன மாதம் காட்டுப்பாக்கத்திலிருந்து ஒரு பெண் வழக்கறிஞர் போனில் பேசினார். போரில் ஆஸ்பத்திரிகள் தாக்கப்பட்டதைப் பதிவு செய்கிறாராம். என் மனைவி ரஞ்சி இறந்தது அப்படித் தாக்கப்பட்ட ஓர் ஆஸ்பத்திரியில்.

ஏற்கெனவே இரண்டு பேர் என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். ஒருவர் ஷெல் அடித்த ராணுவத்தை எழுதாமல் விட்டுவிட்டார். மற்றவர், ஆஸ்பத்திரி மதிலோரம் பீரங்கியைக் கொண்டுவந்து நிறுத்திய எங்கள் தரப்பு ஆட்களை விட்டுவிட்டார். இவர் எதை விடுவார் என்று நேரில் பார்த்துவிடலாம் என ஞாயிற்றுக்கிழமை காலை புறப்பட்டேன்.

அவரே ஆட்டோ அனுப்பினார். டிரைவர் போனில் கூப்பிட்டார்.

“பெர்சு, எங்க கீறே? லொகேஷன் போடு.”

“போட மாட்டன் தம்பி. அம்பத்தூர் எஸ்டேட் பஸ் நிக்கிற இடத்துக்கு வாங்கோ.”

“இன்னா பெர்சு, லொகேஷன் போட்டா நான் இன்னா பாமா போடப் போறேன்?”

போனை வைத்துவிட்டு அங்கே போய் நின்றேன். ஒன்பது மணிக்கு வந்தார். வானகரம், வேலப்பன்சாவடி, குமணன்சாவடி வழியாகப் பதினான்கு கிலோமீட்டர் இருக்கும். முக்கால் மணி நேரமானது. கண்ணாடியில் அவர் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் பின்னால் வந்த வண்டிகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இரண்டு தெரு முன்னாலேயே இறங்கி நடந்தேன். வழக்கறிஞரின் குடியிருப்புக்குப் பின்வாசல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மாடியேறினேன்.

பீரங்கி பற்றிய வாக்கியத்தை முதலில் எழுதும்படி அவரிடம் சொன்னேன். எழுதி வாசித்துக் காட்டினார். பிறகு மடிக்கணினியில் வரைபடத்தைத் திறந்தார்.

“ஐயா, ஆஸ்பத்திரி எந்த இடம்னு காட்ட முடியுமா?”

“காட்ட மாட்டன்.”

காரணம் கேட்டார், சொன்னேன். நான் படித்தது எட்டாம் வகுப்பு. போர்ச் சட்டங்களை நானாகத் தேடிப் படித்தவன். ஆஸ்பத்திரியைத் தாக்கக் கூடாது. அது இருக்கும் இடத்தைச் சண்டை போடுகிறவர்களுக்குத் தெரிவித்துவிட்டால் பாதுகாப்பு. எங்கள் டாக்டர்களும் அதை நம்பி இடத்தைத் தெரிவித்தார்கள். ஷெல் வந்தது. ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாறி, அதையும் தெரிவித்தார்கள். அங்கும் வந்தது. அங்கேதான் ரஞ்சி. மூன்றாவது இடத்தில், படுக்கையில் கிடந்த சனமே டாக்டரின் காலைப் பிடித்தது: “ஐயா, நாங்கள் இங்க இருக்கிறதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ.”

வழக்கறிஞர் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். பிறகு சொன்னார்: “அடிச்சவங்களுக்கு அந்த இடம் அன்னைக்கே தெரியும் ஐயா. விசாரிக்க வேண்டியவங்களுக்குத்தான் தெரியல.”

அதில் ஓட்டை இருக்கிறதா என்று யோசித்தேன். இல்லை. பள்ளிக்கூடத்தின் மேல் விரலை வைத்தேன்.

“உங்க வீட்டம்மாவை எங்க அடக்கம் பண்ணீங்க?”

“அது அடிச்சவங்களுக்குத் தெரியாது.”

அவர் மேலே கேட்கவில்லை. அதனால்தான் கொஞ்சம் நம்பலாம் என்று எழுதுகிறேன், கொஞ்சம் மட்டும்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காலையிலேயே போங்கள், மாலையில் குமணன்சாவடியில் வண்டி நகராது. எழுதியதை வாசிக்கச் சொல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். நம் தரப்புத் தவறையும் சொல்லுங்கள். மறைத்தால் மற்றதையும் பொய் என்பார்கள்.

புதைத்த இடத்தை யாரிடமும் சொல்லாதீர்கள். சொன்னால் தோண்டி அள்ளிவிடுவார்கள், பிறகு அங்கே யாரும் கிடக்கவில்லை என்பார்கள். எலும்பை எடுத்துப் பார்த்துத் தீர்ப்பு எழுத அதிகாரம் உள்ள ஒருவர் வரட்டும். அவரை நானே கூட்டிக்கொண்டு போவேன். அன்றைக்கும் லொகேஷன் அனுப்ப மாட்டேன். முன்னால் நடப்பேன், அவர் பின்னால் வர வேண்டும்.